தாமு கட்சித் தலைவனுக்கு, எதிர்க்கட்சியிலிருந்து

இன்று காலை கடைக்குப் புது லோடு வந்தது. பெட்டியின் டேப்பைக் கிழித்ததும் ரப்பர் வாசனை குப்பென்று மூக்கில் ஏறியது. உனக்கு ஆகவே ஆகாத வாசனை. எங்கள் செருப்புக் கடைக்குள் கால் வைக்கும்போதெல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டு, "போகிக்கு டயர் கொளுத்தினா மாதிரி கீது மச்சி" என்பாய். அப்பா காதில் விழுந்தும் விழாததுபோல் கல்லாவில் உட்கார்ந்திருப்பார்.

இன்று அவர், "ஏல, புது மாடல்ல ஒவ்வொண்ணு எடுத்து வெளிய மாட்டு" என்றார். ஸ்டூலில் ஏறி மாட்டினேன். எல்லாம் இடது கால். வலது கால் பெட்டிக்குள்ளேயே இருக்கும். ஒற்றைச் செருப்பை எவன் திருடுவான் என்பது அப்பாவின் தைரியம். அந்தத் தைரியத்தில்தான் தி.நகர் நெரிசலில் இத்தனை வருடம் நிம்மதியாக வியாபாரம் செய்கிறார். சொந்த மகனே ஐந்து ஒற்றைச் செருப்பைத் தூக்கிக்கொண்டு போவான் என்று அவருக்குத் தோன்றியிருக்காது.

அது உனக்கு மட்டும் தெரிந்த விஷயமாக இருந்தது. இப்போது ஊருக்கே தெரியும். நான்தான் சொன்னேன். அதை உனக்கும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

நம் கால்பந்து அணி குளத்தங்கரை எஃப்.சி.யை நீ மறந்திருக்க மாட்டாய். குளத்துக்கும் அணிக்கும் ஒரே ஒற்றுமைதான், கோடை வந்தால் இரண்டிலும் ஒன்றும் இருக்காது என்று நான் சொல்லப்போய், கேப்டன் சீனு அண்ணன் என்னை மைதானத்தை இரண்டு சுற்று ஓடவிட்டார். நான் ஆட்டக்காரனே இல்லை, ரசிகன் என்றபோது, "ரசிகனுக்கு ரெண்டு, ஆட்டக்காரனுக்கு நாலு, நல்லா யோசிச்சிக்கோ" என்றார். நீ படிக்கட்டில் உட்கார்ந்து என் சுற்றுகளை எண்ணினாய். ஒரு சுற்றை எண்ணாமல் விட்டு, ஒன்று கூட ஓடவிட்டாய்.

அந்த மைதானத்தின் ஒரு பக்கம் முழுக்கச் சிமெண்டுப் படிக்கட்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் முப்பது பேர் அதில் உட்கார்ந்திருப்போம். முப்பது பேரும் கத்துவதற்கு ஒரே விஷயம்தான். கோலில் யார் நிற்பது, தாமு அண்ணனா, பிரவீனா?

தாமு அண்ணனுக்கு முப்பத்து நாலு வயது. தேனாம்பேட்டையில் டூ வீலர் மெக்கானிக். பத்து வருடமாக நம் கீப்பர். குதிக்க மாட்டார், பாய மாட்டார், விழுந்து புரள மாட்டார். பந்து எங்கே வருமோ அங்கே முன்னாலேயே போய் நிற்பார். பந்தும் சொன்ன சொல் கேட்டதுபோல் நெஞ்சில் வந்து விழும். பிரவீன் காலேஜ் இரண்டாம் வருடம். வலது மூலையில் நின்றுகொண்டு இடது மூலைக்குப் பறப்பான். பறக்கும்போது முடிகூடத் தனியாகப் பறக்கும். நான் பிரவீன் கட்சி என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

"தாமு அண்ணன் போஸ்ட்டுக்கு நடுவுல நிக்கிற மூணாவது போஸ்ட்டுடா" என்பேன். "தபாலாபீஸ் மாதிரி, வந்ததை முத்திரை குத்தி உள்ள அனுப்பிடுவார்."

"உங்காளு பறக்கறான்ல? மீனம்பாக்கம் ஏர்போர்ட்டுக்கு அனுப்பு. இங்க கீப்பர்தான் வோணும்" என்பாய் நீ.

பள்ளிக்குப் போகும் பஸ்ஸில், ரோஸ் மில்க் கடை வாசலில், கெமிஸ்ட்ரி லேபில் அமிலத்தைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே விட்டோம் இந்தச் சண்டையை? உன் ரெக்கார்டு நோட்டின் அட்டையில் உன் பெயரை அடித்துவிட்டு, 'தாமு பக்தஜன சபை, மயிலாப்பூர். தலைவர், செயலாளர், பொருளாளர், உறுப்பினர் எல்லாம் ஒருவரே' என்று எழுதிவைத்தேன். நீ பார்க்காமல் அப்படியே நீட்டிவிட்டாய். சார் சத்தமாகப் படித்தார். வகுப்பே சிரித்து முடித்த பிறகு நீ எழுந்து, "சார், மெம்பர்ஷிப் ஓப்பனா கீது சார்" என்றாய். உன்னைக் கலாய்ப்பதில் இதுதான் கஷ்டம். நான் வைத்த வெடியை நீ பற்றவைப்பாய், கைதட்டலும் உனக்குத்தான்.

படிக்கட்டுச் சத்தம் தாங்காமல் சீனு அண்ணன் கொண்டுவந்ததுதான் செருப்பு ஓட்டு. ஆட்டத்துக்கு முன்னால் ஆளுக்கொரு செருப்பு, இடது கால் மட்டும். தாமு அண்ணனுக்கு என்றால் கோல் கம்பத்தின் இடது பக்கம், பிரவீனுக்கு என்றால் வலது பக்கம் போட வேண்டும். சீனு அண்ணன் எண்ணுவார். அதிகம் விழுந்தவருக்குக் கையுறை. ஆட்டம் முடிந்ததும் அவரவர் செருப்பை அவரவர் எடுத்துக்கொள்வோம். அதுவரை ஒற்றைக் காலில் சூடு வாங்கிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். அந்தச் சூட்டுக்குப் பயந்தாவது நாலு பேர் வீட்டுக்குப் போவார்கள் என்று அண்ணன் கணக்குப் போட்டிருப்பார். ஒருவரும் போகவில்லை.

போன ஆகஸ்டில் ஏரியா கோப்பையின் இறுதி ஆட்டம். அதற்கு முந்தின மூன்று ஓட்டிலும் உன் கட்சி ஜெயித்திருந்தது. எனக்கு வயிறு எரிந்தது. ஃபைனலில் பிரவீன் பறந்தே ஆக வேண்டும் என்று முடிவு கட்டினேன். காலையில் கடையைத் திறந்து பெருக்கும் சாக்கில், வெளியே தொங்கியதில் ஐந்தை உருவி ஸ்கூல் பையில் போட்டுக்கொண்டேன். கூட்டத்தோடு கூட்டமாக வலது பக்கம் போய் என் செருப்பைப் போடும்போது, குனிந்த வாக்கில் பையையும் கவிழ்த்தேன். சீனு அண்ணன் அவசரமாக எண்ணினார். பிரவீனுக்குப் பத்தொன்பது. தாமு அண்ணனுக்குப் பதினாறு.

தாமு அண்ணன் மாட்டியிருந்த கையுறையைக் கழற்றி பிரவீனிடம் கொடுத்துவிட்டு, தண்ணீர் கேன் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். பிரவீன் அன்றைக்கு ஆடிய ஆட்டத்தை நீயே கைதட்டிப் பார்த்தாய். இரண்டு பெனால்டியைத் தட்டிவிட்டான். கோப்பை நமக்கு. நான் மைதானத்துக்குள் ஓடி அவன் முதுகில் ஏறிக்கொண்டேன். அந்தக் கோப்பையில் பாதி என்னுடையது என்று மனதுக்குள் ஒரு கொழுப்பு. அந்தக் கொழுப்பில், போட்ட செருப்பைத் திருப்பி எடுக்க வேண்டும் என்பதையே மறந்துவிட்டேன்.

மறுநாள் சாயங்காலம் நீ கடைக்கு வந்தாய். அன்றைக்கு மூக்கைப் பொத்தவில்லை. கையில் ஒரு பிளாஸ்டிக் கவர்.

"இன்னா மச்சி, எல்லாரும் செருப்ப எடுத்துக்கினு போனப்புறம் அஞ்சு அனாதையா கெடந்துச்சு. எல்லாம் தேயவே இல்ல, ஆனா வெயில்ல வெளுத்துப் போய்கீது. ஒண்ணு பூ வச்ச லேடீஸ் செருப்பு. இந்தப் பூவ போட்டுக்கினு வந்து பிரவீனுக்கு ஓட்டுப் போட்டவ யாருன்னு நானும் படிக்கட்டு பூரா தேடினேன்."

நான் சிரிக்கப் பார்த்தேன். நீ சிரிக்கவில்லை.

"அதான் ஜெயிச்சிட்டோமேடா" என்றேன்.

"ஜெயிச்சது வேற. தாமு அண்ணன் பையத் தூக்கிக்கினு போனத நீ பாக்கல. நான் பாத்தேன்." கவரை என் கையில் வைத்தாய். "நான் போய்ச் சொல்ல மாட்டேன். நீ சொல்லு."

"சொன்னா என்னைக் கொன்னுடுவாங்க."

"கொல்லட்டும். அப்புறம் வந்து சொல்லு, எப்டி கொன்னாங்கன்னு."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு நீ அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. தாமு அண்ணன் அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. ஏரியா நம்மை வேண்டாம் என்றுவிட்டது, இனிமேல் நமக்கென்ன வேலை என்று சீனு அண்ணனிடம் சொல்லிவிட்டாராம். இருந்தும் நீயும் நானும் சண்டை போட்டுக்கொண்டே இருந்தோம். நான் ஒவ்வொரு தடவையும் ஃபைனலைத்தான் இழுப்பேன். "ஓட்டும் எங்களுக்கு, கோப்பையும் எங்களுக்கு. இன்னும் என்னடா வேணும்?" என்று படிக்கட்டில் எல்லார் முன்னாலும் மார்தட்டினேன். ஒரே ஒரு வார்த்தையில் நீ என்னைச் சாய்த்திருக்கலாம். கவர் என்று சொல்லியிருந்தால் போதும். நீ வேறு ஏதாவது பாயிண்டைத் தேடினாய். தேடித் தேடித் தோற்றாய். செப்டம்பர் முழுக்க, அக்டோபர் முழுக்க, எனக்காகத் தோற்றுக்கொண்டே இருந்தாய். நானும் ஜெயித்துக்கொண்டே இருந்தேன், வெட்கமில்லாமல்.

நவம்பர் மழையில் உனக்குக் காய்ச்சல் வந்தது. முதல் நாள் நீ லீவு போட்டது கெமிஸ்ட்ரி டெஸ்டுக்குப் பயந்துதான் என்று கிளாஸில் எல்லாரிடமும் சொன்னேன். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நான்காம் நாள் வந்து பார்த்தேன். கையில் ஊசி, உதடு காய்ந்திருந்தது. "என்ன மச்சி, தாமு அண்ணன் மாதிரி அசையாம படுத்திருக்க" என்றேன். சிரித்தாய். சொல்லிவிடுகிறேன் என்று அப்போது உன்னிடம் சொல்லியிருக்கலாம். உங்கள் அம்மா பக்கத்தில் இருந்தார், நர்ஸ் வந்தார், இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று வந்துவிட்டேன். இரண்டு நாள் கழித்து நீ இல்லை.

அதன் பிறகு இரண்டு மாதம் மைதானத்துப் பக்கமே போகவில்லை. வீட்டில் என் வாய் மூடிக் கிடப்பதைப் பார்த்து அம்மா பயந்துபோய் கபாலி கோவிலில் அர்ச்சனை செய்தார். என்ன வேண்டிக்கொண்டாய் என்று கேட்டேன். "நீ யாரையாச்சும் வம்பிழுக்கணும்னுதான்" என்றார். வாழ்க்கையில் என் சேட்டைக்காகச் சாமியிடம் சிபாரிசு போனது அதுதான் முதல் தடவை.

பொங்கல் முடிந்து புது சீசனுக்கு சீனு அண்ணன் லிஸ்ட் எழுதப்போகிறார் என்று கேள்விப்பட்டேன். லிஸ்டில் கீப்பர் என்று ஒரே பெயர்தான் இருக்கும். அது ஏறிவிட்டால் நான் செய்தது அப்படியே உண்மையாகிவிடும். அன்றைக்குத்தான் தீர்மானித்தேன். உனக்காக இல்லை. உனக்காக என்று சொன்னால் நீயே எழுந்து வந்து, "எம்மேல போடாத மச்சி" என்பாய். எனக்காகத்தான். எந்தச் சண்டையிலும் நான் நேராக ஜெயித்தேனா என்று எனக்கே தெரியாமல் போய்விட்டது. அது தெரியாமல் நான் எப்படி அடுத்தவனைக் கலாய்ப்பது?

ஞாயிற்றுக்கிழமை போனேன். பிராக்டிஸ் முடிந்து எல்லாரும் படிக்கட்டில் இருந்தார்கள். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கீழே நின்று சொன்னேன். ஐந்து செருப்பு, எங்கள் கடை, பை, எல்லாம். முதலில் சிரித்தார்கள். நான் சொல்லி யார் எதை நம்பியிருக்கிறார்கள்? பூ வைத்த செருப்பைச் சொன்னதும் சீனு அண்ணன் முகம் மாறியது.

"டேய், அத நான் பாத்தேன்டா. யாரோ வீட்டுல அக்கா செருப்ப மாத்திப் போட்டுக்கினு வந்துட்டான்னு நெனச்சேன்."

ஒருவன் தண்ணீர் பாட்டிலை என் மேல் எறிந்தான். பிரவீன் எழுந்து வந்தான். அடிப்பான் என்று கண்ணை மூடிக்கொண்டேன். "அப்ப நான் அன்னிக்கு ஆடினதே திருட்டு ஆட்டமா?" என்றான். பெனால்டி இரண்டும் உன்னுடையதுதான் என்றேன். அப்படியே திரும்பிப் போய்விட்டான். இன்றுவரை பேசவில்லை. என் கட்சித் தலைவர் என்னோடு பேசாத நிலையில்தான் கட்சியில் இருக்கிறேன்.

சீனு அண்ணன் தீர்ப்புச் சொன்னார். செருப்பு ஓட்டு இனிமேல் கிடையாது. நான் இந்த சீசன் முழுக்கப் படிக்கட்டில் உட்காரக் கூடாது. நம் கோலுக்குப் பின்னால் நின்று வெளியே போகும் பந்தை எடுத்துப் போட வேண்டும். "மொதல்ல போய் தாமு கிட்ட நீயே சொல்லு. நான் கூட வர மாட்டேன்."

திங்கட்கிழமை பள்ளி விட்டதும் ஆழ்வார்பேட்டை வழியாக நடந்தே போனேன். பஸ் இருந்தது. சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிடுமே என்றுதான் ஏறவில்லை. தாமு அண்ணன் ஒரு ஸ்கூட்டருக்கு முன்னால் குந்தியிருந்தார்.

"இன்னாடா, வண்டியா?"

"வண்டி இல்லண்ணா. ஓட்டு" என்று ஆரம்பித்து மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன். அவர் ஸ்பானரைக் கீழே வைத்தார். பழைய துணியில் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார்.

"எத்தினி?"

"அஞ்சுண்ணா."

"அது இல்ல. எனக்கு எத்தினி வுழுந்துச்சு?"

"பதினாறு."

"பதினாறா?" என்றார். "தோத்துட்டன்னு சீனு சொன்னான். நான் அந்தாண்ட திரும்பியே பாக்கல. நாலு பேரு, அஞ்சு பேரு போட்டிருப்பானுங்கன்னு நெனச்சேன். யார் யாருடா போட்டானுங்க?"

உன் பெயரை முதலில் சொன்னேன்.

"அவனா? அவன் ரெண்டு வாட்டி இங்க வந்தான்டா. சைக்கிளுக்குக் காத்தடிக்கணும்னான். டயர்ல காத்து ஃபுல்லா கீது. சும்மா நின்னான், கெளம்பிட்டான்."

நீ போனது எனக்குத் தெரியாது. மயிலாப்பூரில் இல்லாத காற்றா தேனாம்பேட்டையில்? அவரிடம் சொல்லத்தான் போயிருப்பாய். எனக்குக் கொடுத்த வாக்குக்காக வாயை மூடிக்கொண்டு திரும்பியிருப்பாய். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது.

"அழுவாத. உன்ன ஒரு அறை உடணும் போல கீது."

"விடுங்கண்ணா."

"கை பூரா கிரீசு. உன் யூனிபார்ம் பாழாப் பூடும், உங்கம்மா என்னத் திட்டும்." ஸ்பானரை எடுத்துக்கொண்டு மறுபடி குந்தினார். நான் கிளம்பி நாலு அடி நடந்த பிறகு பின்னாலிருந்து கேட்டார். "ஞாயித்துக்கெழம எத்தினி மணிக்கு?"

போன ஞாயிறு வந்தார். ஆளுக்கொரு பாதி என்று சீனு அண்ணன் பிரித்துக் கொடுத்தார். முதல் பாதி தாமு அண்ணன், இரண்டாம் பாதி பிரவீன். இரண்டு பாதியும் நான் கோலுக்குப் பின்னால், வலைக்கு இந்தப் பக்கம். நீ அங்கே ஒரு நாளும் நின்றதில்லை. படிக்கட்டை விட்டு அசைய மாட்டாய். அதனால்தான் இதை உனக்கு எழுதுகிறேன்.

தாமு அண்ணன் சும்மா நிற்கவில்லையடா. முதல் விசில் ஊதியதிலிருந்து அவர் வாய் ஓயவே இல்லை. முன்னால் நிற்கிற நாலு பேரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார். ரெண்டடி உள்ள வா, அவன வுடு, பின்னாடி ஒருத்தன் வரான் பாரு, இப்ப போ. கத்தவில்லை, பக்கத்து வீட்டுக்காரரோடு பேசுவதுபோல் பேசுகிறார். படிக்கட்டுக்கு அது கேட்கவே கேட்காது. அந்தப் பாதி முழுக்க நம் கோலுக்கு வந்தது இரண்டே பந்து. இரண்டாம் பாதியில் பிரவீன் வந்தான். பரீட்சை ஹால் மாதிரி அமைதி. முன்னால் நின்ற நாலு பேரும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். ஒன்பது பந்து வந்தது. ஒன்பதுக்கும் பறந்து ஒன்பதையும் வெளியே தட்டிவிட்டான். படிக்கட்டு எழுந்து நின்று கைதட்டியது. எனக்கும் கை தட்டத்தான் ஆசை. கையில் பந்து இருந்தது.

ஆட்டம் முடிந்ததும் தடையை மீறிப் படிக்கட்டில் ஏறினேன். பிரவீன் கட்சி ஆடிக்கொண்டிருந்தது. ஒன்பது, ஒன்பது என்று கத்தினார்கள். உன் கட்சியில் பதினைந்து பேர் இருந்தும் வாயைத் திறக்க ஒருவருமில்லை. அவர்களுக்காக எப்போதும் பேசியது நீதானே.

"ஒன்பது எதுக்குடா வந்துச்சு?" என்றேன். "அவர் இருந்தப்ப ரெண்டுதானே வந்துச்சு? அந்த மிச்சம் ஏழையும் அவர் வாயாலயே பிடிச்சிட்டாரு. பின்னாடி நின்னு காதால கேட்டேன்."

"நீ யார் கட்சிடா?" என்றான் ஒருவன்.

"பிரவீன் கட்சிதான். அந்தப் பக்கம் பேச ஆளில்ல, அதுவும் நான்தான் பேசணும்."

இது நீ சொல்லிக்கொடுத்த பாயிண்ட் இல்லை. நானே கண்டுபிடித்து உன் கட்சிக்குக் கொடுத்தது. இனி ஒவ்வொரு ஞாயிறும் உன் பக்கத்தையும் நானே பேசுவதாக இருக்கிறேன். அரைமனதாக இல்லை, என் பக்கம் தோற்கிற மாதிரியே. அது தோற்கக் கூடாது என்றால் என் கட்சிக்காரன் இதற்கொரு பதில் கண்டுபிடிக்கட்டும். அந்தக் கட்சியில் வாய் உள்ளவன் நான் ஒருவன்தான். ஆறு நாளாக யோசிக்கிறேன், இன்னும் ஒன்றும் அகப்படவில்லை.